இருவர் இருந்தால் வரும் தண்ணீர்

நகராட்சி புதுக் குடிநீர்க் குழாய் பதித்த மூன்றாம் நாளிலிருந்து வால்வுக்காரர் வீட்டில், உள்ளே இரண்டு பேர் இருந்தால் மட்டுமே தண்ணீர் வந்தது. அவரோ ஒண்டிக்கட்டை. மனைவி போய் நாலு வருஷம், பிள்ளைகள் இல்லை. புகார் எழுதிக் கொடுத்தார். பொறியாளர் வாசற்படி தாண்டியதுமே குழாய் பொங்கிக் கொட்டியது. அழுத்தம் சரி, இணைப்பு சரி, பழுது ஏதுமில்லை என்று எழுதிவிட்டு அவர் தெருவில் இறங்கினார், சொட்டுகூட இல்லை.

தினமும் காலை ஐந்தரைக்கு இரும்புச் சாவியால் வால்வைத் திருகி நாலு தெருவுக்குத் தண்ணீர் விடுகிற மனிதர், அதன்பின் வாளியோடு தெருக்குழாய் வரிசையில் நின்றார். ஊர் சிரித்தது. கொஞ்ச நாள் கூச்சமில்லாமல் ஆள் பிடித்துப் பார்த்தார். தபால்காரருக்கு டீ போட்டுக் கொடுத்து இரண்டு குடம் பிடித்தார். மின்மீட்டர் பார்க்க வந்தவரிடம் வாய் கொடுத்து அண்டாவையே நிரப்பிவிட்டார். ஆனால் வந்தவர்கள் ஓரக்கண்ணால் மணி பார்ப்பதை ஒருநாள் கவனித்துவிட்டார். அதோடு யாரையும் கூப்பிடவில்லை.

பின்தெருவில் அவருடைய அக்கா இருந்தாள். அவளும் தனிதான். ஒன்பது வருஷத்துக்கு முன் பாதாளச் சாக்கடை வேலை நடந்தபோது, அவள் வீட்டுச் சுற்றுச்சுவர் வழியாகச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் இவர்தான். மேலிடத்து உத்தரவு என்று எவ்வளவோ சொன்னார். சுவர் விழுந்த அன்றோடு பேச்சுவார்த்தையும் விழுந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. வால்வு திறக்க ஆளில்லாமல் நாலு தெருவும் காய்ந்தன. எட்டு மணிக்கு அக்கா வெறுங்குடத்தோடு வந்து கதவைத் தள்ளினாள்.

“ஊருக்கே தண்ணி விடுறவன் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குறியா? தெருக்குழாய்ல ஒரு சொட்டு இல்ல!”

பெரிய வால்வு மூடியே கிடந்தது. ஆனாலும் அவள் கால் உள்ளே பட்டதும் சமையலறைக் குழாய் இரைச்சலோடு கொட்டியது. அவள் குடத்தைக் கீழே வைத்தாள். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். துணி நனைத்துப் போட்டு, ஏதோ சூடாகக் கரைத்துக் குடிக்க வைத்து, ஒரு வாரத்துப் பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள். அந்தக் காய்ச்சலிலும் அவருக்கு ஒன்று உறைத்தது.

“அக்கா, உன் வீட்டுக்குள்ளயே குழாய் போட்டாச்சே. நீ எதுக்குத் தெருக்குழாய்க்குப் போன?”

அவள் கடைசிப் பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்தாள்.

“எல்லாம் உன் வீட்டுக் கதைதான். நான் புகார் எழுதல, அவ்ளோதான் வித்தியாசம்.”

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“யார்கிட்ட?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்ட நாளிலிருந்து ஏழு மணிக்கு அவள் இங்கே வந்தாள். ஏழரைக்கு இவர் அவளோடு அங்கே போனார். பெரும்பாலும் பேச மாட்டார்கள். இடிந்த சுவரைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. ஒரே வீட்டில் இருந்துவிடலாமே என்று பொறியாளர் கேட்டதற்கு, “அவன் குறட்டை விடுவான்” என்றாள் அக்கா. “அவ நச்சரிப்பு தாங்காது” என்றார் இவர். பொறியாளரும் வற்புறுத்தாமல், இரண்டு இணைப்புக்கும் நேராக ‘ஏழு முதல் எட்டு வரை’ என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பல வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எட்டு மணிக்கு மேல் இரண்டு குழாயும் காய்ந்துவிடும். அதற்குள் ஆளுக்கு இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஒற்றை ஆளுக்கு அதற்கு மேல் என்ன தண்ணீர் வேண்டியிருக்கிறது?