முப்பத்தொன்பதாவது அட்டை

வெள்ளக்கரையில் ஒருத்தியின் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு இன்னொருத்தி போய்வரலாம். ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரிக்காக நிற்பதைப் போலத்தான். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவள்தான் அட்டைக்குரியவள். கட்டிலில் ஏறிப் படுத்ததும் உடம்பு அட்டைப்படி மாறிக்கொள்ளும். முடிந்து செருப்பை மாட்டும்போது பழையபடி ஆகிவிடும். குப்பியில் போவது உரியவளுடைய மாதிரி, வருவதும் உரியவளுடைய முடிவு. இதில் ஒருமுறைகூடப் பிழை நேர்ந்ததில்லை.

மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை ஊர் சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை நடக்கும். ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கருப்பையின் வாயில் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கெல்லாம் எஸ்தர் நர்ஸ் வீடு வீடாக வந்து ரோஸ் நிற அட்டை கொடுத்திருந்தாள். அநேக வீடுகளில் அது சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

வடக்குத் தெருவில் பீடி சுற்றும் தவமணிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கல்யாணமான எட்டாம் மாதம் புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். பிள்ளை கிடையாது. யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காதவள் என்பதால் தெருவுக்காகப் பேசுகிற வேலையெல்லாம் அவளிடம் வந்து சேரும். தண்ணீர் வராவிட்டால் பஞ்சாயத்து ஆபீஸுக்கு அவள்தான் போவாள். விளக்கு எரியாவிட்டாலும் அவள்தான். ஆகவே மாடத்தி தன் அட்டையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்ததில் புதுமை ஒன்றும் இல்லை.

"யக்கா, நீ போய்ட்டு வந்திரேன். எனக்குக் கூச்சமா இருக்கு. அங்க டியூப் லைட்டுக்குக் கீழல்லா படுக்கச் சொல்லுதாவ."

"ரெண்டு பெத்தியே, அப்ப எங்கட்டி படுத்த? பந்தலுக்குள்ளயா?"

"அது பிள்ளைக்காவ. இது எனக்காவல்லா. எனக்காவன்னா கூச்சமா இருக்குக்கா."

"கொண்டா அட்டைய," என்றாள் தவமணி.

கட்டிலில் படுத்ததும் அடிவயிற்றில் மாடத்தியின் ஆபரேஷன் தழும்பு வந்து உட்கார்ந்தது. எஸ்தர் நர்ஸ், "மூச்ச இழுத்து விடுங்க மாடத்தி," என்றாள். சின்னப் பிரஷ் ஒன்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில், உடம்போடு சேர்த்து மாடத்தியின் ஒரு பழைய மதியமும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலில் மழையில் நனைந்த காக்கா ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து மாரில் போடுகிறார்கள். பிள்ளையின் உள்ளங்கால் அப்போதுதான் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கிறது.

திரும்பி வந்து சொன்னபோது மாடத்தி பீடி இலையை வெட்டுவதை நிறுத்தினாள்.

"அந்தக் காக்காய நான் மறந்தே போயிட்டேங்கா. ஆமா, இருந்துச்சு. ஒரு றெக்கைய மட்டும் விரிச்சு வச்சிருந்துச்சு."

"எடது றெக்கை," என்றாள் தவமணி.

அதன் பிறகு மாதந்தோறும் அந்தப் புதன்கிழமைக்கு அட்டைகள் வந்தன. அவள் போகிற நாளில் அவள் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றி அவள் தட்டில் வைத்துவிடுவார்கள். பாத்திமுத்துவின் அட்டையோடு போனபோது, வயதுக்கு வந்து வீட்டுக்குள் இருந்த நாட்களில் அவள் ஜன்னல் வழியே பார்த்த ஐஸ் வண்டி வந்தது. கூடவே அதன் மணிச் சத்தமும், இனி அதன் பின்னால் ஓட முடியாது என்ற எண்ணமும். ராஜம்மாளின் அட்டைக்கு, எட்டு மாத வயிற்றோடு டென்ட் கொட்டகைக்குப் போய், மணலில் வயிற்றுக்குத் தோதாகக் குழி பறித்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே படம் பார்த்த சாயங்காலம் வந்தது. படம் முடிவதற்குள் பிரஷ் வெளியே வந்துவிட்டது. முடிவு என்னவென்று ராஜம்மாளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"என்னத்தக் கேக்க, நானும் தூங்கிட்டேன்," என்றாள் ராஜம்மாள்.

உடம்புகள் செருப்பு மாட்டும்போதே போய்விட்டன. நினைவுகள் போகவில்லை. மூன்று வருடத்தில் முப்பத்தெட்டு அட்டைகளுக்குப் போய்வந்த தவமணியிடம் முப்பத்தெட்டுப் பேரின் நாட்கள் சேர்ந்துவிட்டன. பீடி சுற்றும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். பிள்ளை பெறாத அவளுக்கு இருபத்தோரு பிரசவங்கள் ஞாபகத்தில் இருந்தன. எந்தப் பிள்ளை அழாமல் பிறந்தது, எந்தப் பிள்ளை தலை நிறைய முடியோடு வந்தது என்பதெல்லாம் அத்துப்படி. தெருவில் வளர்ந்து மீசை வைத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்தால்கூட அவளுக்கு மார் கனக்கும். உரியவர்களும் அவ்வப்போது வந்து வாங்கிப்போவார்கள். "யக்கா, என் ஐஸ் வண்டியக் கொஞ்சம் சொல்லேன்" என்று பாத்திமுத்து வந்து உட்கார்ந்தால், தவமணி முதலிலிருந்து சொல்வாள்.

முப்பத்தெட்டுப் பேரில் மூன்று பேருக்கு வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. அவர்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு ஆள் அனுப்ப முடியாது. "பரிசோதனைக்கு அட்டை வந்தாப் போதும். வைத்தியத்துக்கு உடம்பு வரணும்," என்று எஸ்தர் நர்ஸ் சொல்லியிருந்தாள். மூன்று பேரும் அழுதுகொண்டே போனார்கள். சாயங்காலமே திரும்பி வந்து, இதற்கா அழுதோம் என்று கேட்டார்கள்.

"உங்க அட்டை எங்கக்கா?" என்று எஸ்தர் நர்ஸ் தவமணியிடம் கேட்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான்.

"இருக்கு, இருக்கு. எங்க ஓடிரப் போவுது."

"மூணு வருசமா இதையேதான் சொல்லுதிய."

தவமணிக்குப் பரிசோதனையில் பயமில்லை. முப்பத்தெட்டு முறை படுத்த கட்டில் அது. அவளுடைய பயமே வேறு. தன் அட்டையோடு போய்ப் படுத்தால் என்ன வரும்? எட்டு மாதக் குடித்தனத்தில் எதுவும் ஞாபகம் இல்லை. அந்த ஆளின் உருவம்கூடக் கல்யாணப் போட்டோவில் இருந்தபடிதான் நினைவில் இருந்தது, முழங்கைக்குக் கீழே கிடையாது. அதற்கப்புறம் எல்லாம் பீடிதான். ஒன்றுமே வராமல் கட்டிலில் வெறுமனே கிடந்து எழுந்து வர வேண்டியிருக்குமோ என்று நினைத்து அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னாலேயே விட்டுவைத்திருந்தாள்.

"நான் போறேங்கா உனக்கு," என்று மாடத்தி ஒருநாள் கையை நீட்டினாள். "எத்தன வாட்டி நீ போயிருக்க. எனக்கும் இப்பக் கூச்சம் போயிட்டு."

தவமணி அட்டையைக் கொடுக்கவில்லை. மாடத்தி போய்ப் படுத்து, ஒன்றும் வராமல் திரும்பினால், தன்னிடம் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். மாடத்தி நல்லவள். வெளியே சொல்ல மாட்டாள். ஆனால் வந்து பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் பாவம் பார்ப்பாள்.

அடுத்த புதன்கிழமை தவமணியே போனாள்.

படுத்தாள். உடம்பு மாறவில்லை. அவளுடைய உடம்பாகவே இருந்தது. மேலே மின்விசிறி ஓடியது. "மூச்ச இழுத்து விடுங்க தவமணி," என்றாள் எஸ்தர் நர்ஸ். தன் பெயர் அந்த அறையில் புதிதாகக் கேட்டது. பிரஷ் உள்ளே போனது. ஒன்றும் வரவில்லை. சரிதான் என்று அவள் கண்ணை மூடப்போன நேரத்தில் அது வந்தது.

அவளுக்கு எழுபத்தொன்பது வயது. முன்பின் தெரியாத ஒரு வீட்டின் பின்கட்டில், பிளாஸ்டிக் பேசினில் கல் உப்புப் போட்ட வெந்நீரில் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். தலைக்குக் குளித்து, பஞ்சாக நரைத்த முடியைத் தோளில் காயப் போட்டிருக்கிறாள். கையில் பனங்கிழங்கு. இருக்கிற நாலு பல்லால் அதைக் கடிக்க முடியாமல், நாரை உரித்து உரித்து, ஊறவைத்து ஊறவைத்துத் தின்கிறாள். வெயில் இதமாக இருக்கிறது. எங்கும் போக வேண்டியதில்லை. அவ்வளவுதான் அந்த நினைவு.

எழுந்து செருப்பை மாட்டும்போதே அந்த வீட்டுக்காக ஏங்கத் தொடங்கிவிட்டாள்.

"என்னக்கா வந்துச்சு?" என்று கேட்டாள் எஸ்தர் நர்ஸ். தவமணி சொன்னாள்.

"பின்னால வர வேண்டியது முன்னாலயே வந்திருக்கு. சிலருக்கு அப்படி வரும்," என்று சொல்லிவிட்டு நர்ஸ் குப்பியின் மேல் தேதி எழுதினாள்.

மூன்று வாரம் தவமணிக்கு நல்ல காலமாக இருந்தது. முப்பத்தெட்டு நினைவுகளையும் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்து எடுத்துப் பார்த்தாள். "அந்தக் காலத்துல வெயில்னா வெயிலு. உறைக்கவே உறைக்காது," என்று முப்பத்தொரு வருடம் கழித்து வரப்போகிற வெயிலைப் பற்றிச் சொல்லுவாள். மற்றவர்கள் கேட்டு உச்சுக்கொட்டுவார்கள்.

நான்காவது வாரம் எஸ்தர் நர்ஸ் வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கிருமி இருக்குன்னு வந்திருக்கு. பயப்படாதிய. இது புத்துநோய் இல்ல. நெறையப் பேருக்கு வந்து தானாப் போயிரும். போவாமத் தங்கிட்டாத்தான் வருசம் போகப் போக வினை. ஆஸ்பத்திரியில டாக்டரு கருவி வச்சுப் பாப்பாவ. எங்கயாவது மாறியிருந்தா, அந்த எடத்த மட்டும் அங்கயே சூடு வச்சுச் சரிபண்ணிருவாவ. என்னைக்குப் போறிய?"

"பொங்கல் கழியட்டும்."

பொங்கல் கழிந்தது. கம்பெனியில் இலை மோசமாக வந்த வாரம் ஒன்று கழிந்தது. கோயில் கொடை கழிந்தது. முப்பத்தெட்டுப் பேருக்காகத் தயங்காமல் நடந்த கால், தனக்கென்று வந்ததும் வாசலைத் தாண்ட மறுத்தது.

ஒருநாள் காலையில் இலையை நனைத்து வைத்துவிட்டு அவள் அந்த நினைவை எடுத்துப் பார்த்தபோது, பனங்கிழங்கைக் கடிக்கச் சிரமமாக இல்லை. பல் எண்ணிப் பார்த்தாள். பதினாறு இருந்தது. முடி பாதி கறுப்பு. வயது எழுபது.

அடுத்த வாரம் வெந்நீர் பேசினைக் காணவில்லை. கால் வலிக்கவில்லை என்பதால் பேசினுக்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது. வயது அறுபத்தொன்று. அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு மேல்கூரை இல்லை. இன்னும் நாலு நாளில் அஸ்திவாரம் மட்டும் கிடந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்த வருடத்தில் வீடு கட்டத் தொடங்கவில்லை போலிருக்கிறது. காலி மனையில் நின்றுகொண்டு அவள் கிழங்கைத் தின்றாள். பற்கள் முழுசாக இருந்தன, ஆனால் கிழங்கு ருசிக்கவில்லை.

"மாடத்தி, எனக்கு வயசு கொறஞ்சுக்கிட்டே வருதுட்டி."

"எத்தனைல நிக்கி இப்ப?"

"அம்பத்தாறு."

மாடத்தி தட்டை இறக்கி வைத்தாள். "ஏ பாவி, இன்னும் என்னத்துக்கு உக்காந்துக்கிட்டிருக்க?"

"நாளைக்குப் போறேன்."

மறுநாள் விடிந்ததும் எடுத்துப் பார்த்தாள். ஐம்பது வயது. மனையும் இல்லை, கிழங்கும் இல்லை. அவளைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரில் ஒருத்தி மாடத்தி. மாடத்திக்கு ஒரு முடிகூட நரைத்திருக்கவில்லை.

தவமணி முகம் கழுவி, சேலை மாற்றி, ஏழே காலுக்கு வருகிற பஸ்ஸில் ஏறினாள். கூட வருகிறேன் என்று கிளம்பிய மாடத்தியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னப் பெண்ணாக இருந்தாள். கருவியை வைத்து நிதானமாகப் பார்த்தாள். ஏதோ மருந்தைத் தடவிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஒரு இடத்துல மட்டும் மாறியிருக்கும்மா. நகக்கண் அளவுதான். நல்லவேளை, இப்பவே வந்துட்டீங்க. இன்னைக்கே சரி பண்ணிடலாமா?"

"பண்ணுங்க."

அடிவயிறு மாதவிடாய்க்கு முந்தின நாள் போலக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. டாக்டரம்மா எண்ணிக்கொண்டே இருந்தாள். கருகிய வாசனை லேசாக வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வருடம் கழித்துத் திரும்ப வந்து காட்ட வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

மாடத்தி காப்பி வாங்கப் போனாள். தவமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பயந்து பயந்து நினைவை எடுத்தாள்.

முதலில் அஸ்திவாரம் தெரிந்தது. பிறகு சுவர். பிறகு கூரை. பற்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்து நாலில் நின்றன. அதிலும் ஒன்று விழுந்து மூன்றானது. வயது எண்பத்து நான்கு. வெயில் அப்படியே இருந்தது. பேசினுக்கு அந்தப் பக்கம், முன்பு இல்லாத ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் கிழவி. இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேச்சு வார்த்தை இல்லை. ஏனென்று தவமணிக்குத் தெரிந்திருந்தது, ஒரு ஆடுதான் காரணம்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். சிமென்ட் பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, வேறு ஊர்க்காரி, மடியில் அதே ஆஸ்பத்திரி அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். தவமணியை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கும் பின்னால் வர வேண்டியது முன்னாலேயே வந்திருந்தது போலிருக்கிறது.

"அந்த ஆட்ட நீங்க குடுத்திருக்கக் கூடாது மதினி," என்றாள்.

"குடுக்காம? வெளுத்து வச்ச துணியெல்லாம் மேஞ்சுச்சே."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேட்டா நீ விட்டிருவியாக்கும்."

அவள் பெஞ்சின் அந்தக் கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தவமணி இந்தக் கோடியில் திருப்பிக்கொண்டாள். மாடத்தி நடுவில் உட்கார்ந்து மூன்று பேருக்குமாக முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பஸ் வந்தது. இருவர் உட்காரும் சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. மாடத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு ஊர்க்காரி ஜன்னலோரம் போய், சேலையை ஒதுக்கி இடம் விட்டாள். தவமணி உட்கார்ந்தாள். இறங்கும்வரை இருவரும் பேசவில்லை.