வாணலியின் அடிப்புறம்

அன்று அடுப்படியில் இருந்தவர்கள் நான்கு பேர்: டாலிவர் வீட்டின் மூத்தவளான நான், என் தம்பி ருஃபஸ், அவன் மகள் லொரீன், அவள் கணவன் டெல்மர். வேறு யாரும் இல்லை.

எங்கள் முப்பாட்டனார் கிழக்கு டென்னசி மலையடிவாரத்தில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்தவர். மனைவி ஓர்லீனாவுக்கென்று, அவள் பெயரை அடியில் பொறித்து அவர் வார்த்த இரும்பு வாணலி எங்கள் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கும். அடிப்புறம் சுவரைப் பார்த்திருக்கும்படி மாட்டுவதே வழக்கம். சில காலைகளில் அந்த அடிப்புறம் அறையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இந்த வீட்டுப் பெண்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. திருப்பி மாட்டிவிட்டுக் காப்பி போடுவார்கள். நானும் அப்படித்தான்.

குடும்பக் கூடுகைக்கு அதில் சோள ரொட்டி சுட்டு, பிறகு எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும் என்று லொரீன் ஆசைப்பட்டாள். பழைய இரும்புச் சாமான் சேகரிக்கும் டெல்மர் அதைக் காரநீரில் ஊறப்போட்டு, தலைமுறைக் கரியை நீக்கிக் கொண்டுவந்தான். அவன் முகம் சரியில்லை.

“அத்தை, கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. ஓர்லீனாங்கிற பேருக்கு அடியில இன்னொரு பேரு.”

வெளிச்சத்தில் சாய்த்தேன். மங்கலாக, ‘சில்ஃபா டாலிவர்.’

“இவ பேரு போட்ட பழைய வாணலியையே மணல்ல பதிச்சு, அந்த அச்சுல இதை வார்த்திருக்காரு. பழைய பேரை மெழுகு வச்சு அடைச்சும் முழுசா மறையல. பழைய இரும்பு சேகரிக்கிற எங்க ஆளுங்க இதைப் பேயெழுத்துன்னு சொல்வாங்க.”

“உன் ஆளுங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றான் ருஃபஸ்.

சில்ஃபா, மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்தாள், ஓடிப்போனாள் என்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது. எந்த வழியாக ஓடினாள் என்று யாரும் சொன்னதில்லை. அவள் முப்பாட்டனாரின் முதல் மனைவி என்று அவளுடைய ஆட்கள் சொன்னபோதெல்லாம் அவர்களைப் பொய்யர்கள் என்றோம்.

“ராவி எடுத்துடு டெல்மர். கூடுகைக்கு அவங்களும் வருவாங்க. மானம் போயிடும்,” என்றான் ருஃபஸ்.

“அப்பா, அது ஒரு பொம்பளையோட பேரு,” என்றாள் லொரீன்.

டெல்மர் அரத்தை எடுத்தான். யாரும் தொடாமலே, மேசையில் கிடந்த வாணலி நீளமாக ஒலித்தது. மணியை மெல்லத் தட்டியது போல.

“கீழ வை,” என்றேன். “டாலிவர்னு பேர் வாங்கினவளை என் வீட்டுல எவனும் ராவ மாட்டான்.”

“சனங்க கேப்பாங்களே அக்கா?”

“என்னைக் கேக்கட்டும்டா. உன்னையா கேக்கப்போறாங்க?”

கூடுகையன்று அதிலேயே ரொட்டி சுட்டேன். முதல் துண்டைச் சில்ஃபாவின் ஆட்களுக்கு வைத்தேன். பிறகு வாணலியைக் கழுவி, கொழுப்பு தடவி, பெயர் வெளியே தெரிய மாட்டினேன்.

கூடுகைக்குப் பிறகு கதை வெளியே போயிற்று; அது இன்னும் தானாகத் திரும்புவதாக ஊரில் பேசுகிறார்கள். இல்லை. அன்றிலிருந்து அது அசையவில்லை.