தொய்வுக்காரிக்கு ஒரு ரூட்

எந்த பஸ் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறவன் ஒருநாளும் பஸ்ஸில் ஏறக்கூடாது. ஏறினால் மனம் இளகிவிடும். இது நானே கண்டுபிடித்த கொள்கை. பதினான்கு வருடம் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்தேன். அத்தனை வருடமும் தோட்டவெளியில் இருந்து சைக்கிளில்தான் கந்தோருக்குப் போய்வந்தேன்.

எழுபத்தோராம் ஆண்டில் எங்களிடம் பதினேழு பஸ்கள் இருந்தன. ஒன்பது தானாக ஓடும். ஐந்து தள்ளினால் ஓடும். மூன்று எப்போதும் மெக்கானிக் ஜுனைதீனின் கொட்டிலில் கிடக்கும். இவற்றை வைத்துக்கொண்டு தீவுக்கும் கரைக்கும் நான் போட்ட நேர அட்டவணை என் கதிரைக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. சிவப்புப் பென்சில், நீலப் பென்சில், அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுகள். பார்க்கிறவர்கள் சும்மா சோடனை என்று நினைத்தார்கள். நான் அதை வேதாகமம் என்று நினைத்தேன், என்ரை மடைத்தனத்துக்கு.

பங்கீட்டுக்கு என்னிடம் இரண்டு விதிகள் இருந்தன. றெயில் போகிற ஊருக்கு நல்ல பஸ் தேவையில்லை. முறைப்பாடு எழுதாத ஊருக்கு எந்த பஸ்ஸும் போதும். முதல் விதிப்படி தலைமன்னாருக்குக் கிடைத்தவள் தொய்வுக்காரி. ஆஸ்துமாக்காரி மாதிரி இளைக்கும், இருபது வயது தாண்டிய பஸ் அது. புறப்படும்போது ஒரு இருமல், நிற்கும்போது ஒரு இழுப்பு, வெயில் ஏறினால் ரேடியேற்றரில் இருந்து ஆவி. அவளைக் கிளப்பத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான், சிங்கராசா. என் ஊர்க்காரன், என் கோயில் பங்குக்காரன், வாய் பேசாத மனுசன். வேறு சாரதி சாவியைத் திருப்பினால் அவள் அசையமாட்டாள். அதனால் தொய்வுக்காரி எங்கே போகிறாளோ அங்கே சிங்கராசாவும் போவான் என்பது டிப்போவில் எழுதப்படாத சட்டம்.

முறைப்பாடுகள் வந்தால் கிறேஸ் பார்த்துக்கொள்வாள். கிறேஸ் எங்கள் எழுதுவினைஞர். ‘உங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. ஆவன செய்யப்படும்’ என்று ஒரு கடிதத்தை றோணியோவில் ஐந்நூறு பிரதி அடித்து வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் ஐம்பதில் கையெழுத்து வைத்துக் கொடுப்பேன். அவள் பெயரை நிரப்பித் தபாலில் போடுவாள். ஆவன செய்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. என் அக்கா செலீனா எனக்குப் பெண் தேடித் தேடிக் களைத்துப்போன கடைசியில், தலைமன்னாரில் ஒரு கணக்கு ரீச்சர் இருக்கிறாள், பெயர் அன்ரோனெற், எங்கள் டிப்போ இருக்கிற பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று கண்டுபிடித்தாள். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு பார்க்கப் போனோம். புதுச் சேட்டு, பவுடர், எல்லாம்தான். அன்ரோனெற் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே நான் விழுந்துவிட்டேன்.

“எதிலை வந்தனீங்கள்?” என்று கேட்டாள்.

“றெயிலிலை.”

“ஏன், பஸ் இல்லையோ?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பதினொரு கடிதங்கள். பதினொன்றும் ஆவன செய்யப்படும்.

“இந்தக் கையெழுத்து உங்கடைதானே?”

“ஓம்,” என்றேன். வேறென்ன சொல்ல! அக்கா தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மானம் போனவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். நானோ என் அட்டவணையை விளக்கத் தொடங்கினேன். பஸ் பங்கீடு எவ்வளவு கடினமான வேலை, மடுத் திருவிழாவுக்கு நான் எப்படி ஆறு பஸ்ஸை மிச்சம் பிடித்தேன் என்று அரைமணித்தியாலம் பேசினேன். நடுவில் அவள் ஏதோ சொன்னாள். நான் அப்போது என் கதையில் நானாட்டான் சந்தியில் நின்றேன், காதில் விழவில்லை. எழும்பும்போது அக்கா நேரடியாகவே கேட்டுவிட்டாள், “பிள்ளை என்ன சொல்லுறாய்?”

“பாஸ்காவுக்குப் பிறகு சொல்லுறன் அக்கா. அதுக்குள்ளை இவர் அந்த பஸ்ஸைத் திருத்துறாரோ பாப்பம்.”

அடடா! அது எனக்கு வைத்த சோதனை, ஈஸ்டர்வரைக்கும் தவணை என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸைத் திருத்தினால் பெண் எனக்கு. மறுநாளே கிறேஸிடம் தலைமன்னார்க் கடிதக் கோவையை வாங்கி அன்ரோனெற்றின் பதினொரு முறைப்பாடுகளையும் முதல் தடவையாகப் பார்த்தேன். யன்னல் மூடாது, கதவு கயிற்றால் கட்டியிருக்கிறது, பேசாலையில் இரண்டு தரம் நின்றது. குறைகளை மட்டும் எடுத்துத் தனித்தாளில் பட்டியல் போட்டேன். பஸ்ஸைப் பற்றியில்லாத வரிகளை விட்டுவிட்டேன். அவை எனக்கு எதற்கு?

நல்ல காலமாக மார்கழியில் ஒரு புது பஸ் வந்தது. டிப்போவே வாயைப் பிளந்து பார்த்தது. அதைத் தூக்கித் தலைமன்னாருக்குக் கொடுத்தேன். தொய்வுக்காரியை என் இரண்டாவது விதிப்படி மறிச்சுக்கட்டிக்குத் தள்ளினேன். சிலாவத்துறை தாண்டி, காட்டு ஓரம், வாயில்லாச் சனம். ஒரு முறைப்பாடுகூட வராது.

ஜுனைதீன் கை துடைத்துக்கொண்டு கந்தோருக்கே வந்துவிட்டார். “ஐயா, தலைமன்னாரிலை நிண்டால் றெயில் இருக்கு. மறிச்சுக்கட்டி ரோட்டிலை நிண்டால் யானைதான் இருக்கு.”

“சிங்கராசா சமாளிப்பான்,” என்றேன்.

தலைமன்னார்ச் சனம் புது பஸ்ஸுக்கு மாலை போட்டது. சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். நான் கிறேஸைக் கூப்பிட்டு, “இனித் தலைமன்னாரிலை இருந்து முறைப்பாடே வராது. அப்பிடி ஏதும் வந்தாலும் எனக்குக் காட்டாதையும், வழமைக் கடிதத்தைப் போட்டுவிடும்,” என்று பெருமையாகச் சொன்னேன்.

தை மாதம் இரண்டாம் கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, “அன்ரோனெற் பாவமடா, அந்தக் காட்டுக்கை போய்ப் படிப்பிக்குது,” என்றாள்.

“எந்தக் காடு?”

“மறிச்சுக்கட்டி. தையிலை இருந்து மாற்றம் எண்டு அண்டைக்கே சொன்னவளேடா! உனக்கு முன்னாலைதானே சொன்னவள். நீ மடுவுக்கு பஸ் விட்டுக்கொண்டிருந்தாய்.”

அவள் வசதியாக இருக்கட்டும் என்று நான் அனுப்பிய புது பஸ்ஸில் அவள் இல்லை. அவளிடமிருந்து நான் பிரித்தெடுத்த தொய்வுக்காரி, இப்போது திங்கள் காலையில் அவளை ஏற்றிக்கொண்டு காட்டுப்பக்கம் போகிறாள், வெள்ளி பின்னேரம் கூட்டிவருகிறாள். ஒருமணித்தியாலப் பயணத்தில் கிடந்த வருத்தத்தை மூன்று மணித்தியாலமாக நீட்டிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கெட்டித்தனத்துக்கு எனக்குப் பதவி உயர்வு தரவேண்டும்.

புது பஸ்ஸைத் திருப்பி எடுக்கலாமா என்று யோசித்தேன். தீர்த்தம் தெளித்த பஸ். எடுத்தால் தலைமன்னார்ச் சனம் என்னை இறால் வலையில் சுற்றிக் கடலில் போடும். அதனால் புத்தியைப் பாவித்தேன். தொய்வுக்காரி சூடேறித்தானே நிற்கிறாள்? சிலாவத்துறையில் அவள் ஆறுவதற்கென்று அட்டவணையில் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கினேன். அங்கே சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. ரீச்சர் வெயிலில் நிற்கக்கூடாது என்று சிங்கராசாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், “அந்த ரீச்சரைக் கவனமாய்ப் பாத்துக்கொள். இறக்கிக் கடையிலை இருத்தி, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடு. நடுவழியிலை நிண்டால் தனிய விட்டிட்டு வராதை.”

“சரி ஐயா,” என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

தவக்காலம் முழுக்க நான் ஒறுத்தல் செய்தேன். இறைச்சி இல்லை, வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரச் சாப்பாடு. தொய்வுக்காரி நிற்கக்கூடாது என்பதுதான் என் செபம். அவள் நின்றாள். கல்லாற்றடியில் நின்றாள், அரிப்பு ஊர்ப் பக்கம் நின்றாள், ஒரு வெள்ளிக்கிழமை சிலாவத்துறையிலேயே ஆறி ஆறி இரண்டு மணித்தியாலம் நின்றாள். ஆனால் ஒரு முறைப்பாடும் வரவில்லை. அன்ரோனெற் எழுதுவதை நிறுத்திவிட்டாள்! அவளுக்கு என்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். புதுக் கட்டிலுக்குச் சொல்லிவைத்தேன்.

பாஸ்கா முடிந்த இரண்டாம் ஞாயிறு. எங்கள் கோயிலில் பிரசங்கம் முடிந்து சுவாமியார் கலியாண ஓலை வாசித்தார். “தோட்டவெளியைச் சேர்ந்த சிங்கராசாவும் தலைமன்னாரைச் சேர்ந்த அன்ரோனெற்றும்…” அதற்குப் பிறகு தகப்பன்மார் பெயரெல்லாம் வாசித்திருப்பார். எனக்குக் கேட்கவில்லை. செலீனா அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மாதா சுரூபத்தைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை கந்தோர் திறக்கமுதலே போய்க் கிறேஸுக்காகக் காத்திருந்தேன். “அன்ரோனெற் ரீச்சரிட்டை இருந்து ஏதும் வந்ததோ?”

“ஓம் ஐயா, போன கிழமை வந்தது. நீங்கள் சொன்னபடி வழமைக் கடிதம் போட்டிட்டன்.”

கோவையை எடுத்தேன். பன்னிரண்டாவது கடிதம். ‘ஐயா, பாஸ்காவுக்குப் பிறகு பதில் சொல்வதாகச் சொன்னேன். நீங்கள் நல்ல மனிதர், ஆனால் என் மனம் வேறிடத்தில் என்று இந்தத் தவக்காலத்தில்தான் எனக்கே விளங்கியது. ஓலை வாசிக்கமுதல் நீங்கள் என்னிடமிருந்து அறியவேண்டும் என்பதால் எழுதுகிறேன். என்னை மன்னிக்கவேண்டும்.’ அதற்கு நான் அனுப்பிய பதில் என்ன? கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. ஆவன செய்யப்படும்.

பிறகு மற்றப் பதினொன்றையும் திரும்பப் படித்தேன். இந்தமுறை நான் விட்டுவிட்ட கடைசி வரிகளை. முதலாவதில், ‘சாரதியில் பிழை எதுவும் இல்லை.’ நாலாவதில், ‘சாரதி மிகவும் பொறுமையானவர்.’ ஏழாவதில், ‘மழையில் நின்ற பயணிகளுக்குச் சாரதி தன் குடையைக் கொடுத்தார்.’ பதினோராவதில், ‘இப்படியொரு சாரதிக்கு இப்படியொரு பஸ்ஸைக் கொடுத்திருப்பது அநியாயம்.’ அவளுக்கே விளங்காதது அவள் எழுத்தில் இருந்தது. முறைப்பாடு எனக்கு வந்தது, நான் பட்டியல் போட்டேன். அன்றைக்குக் கொட்டிலுக்குப் பின்னால் போய்நின்று அழுதேன். ஜுனைதீன் கண்டும் காணாததுபோல் சில்லு ஒன்றை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை சிங்கராசா கந்தோர் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கலியாணத்துக்கு பஸ் வேண்டும்.

“புது பஸ்ஸை எடு,” என்றேன்.

“இல்லை ஐயா. அவ தொய்வுக்காரிதான் வேணுமெண்டு சொல்லுறா. நீங்களும் வரவேணுமாம்.”

இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. பஸ் கேட்டு வருவான் என்று தெரிந்து, ஓலை வாசித்த அன்றிரவே நூறு தரம் சொல்லியும் பார்த்திருந்தேன். கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

கலியாணத்தன்று தலைமன்னார்க் கோயிலில் இருந்து தோட்டவெளிக்கு மாப்பிள்ளையே பஸ்ஸை ஓட்டினான், வேறு யாராலும் முடியாதே. முன் இருக்கையில் அன்ரோனெற் வெள்ளைச் சேலையில் இருந்தாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக நான் என் பஸ்ஸில் ஏறினேன். யன்னல் மூடவில்லை. கதவு கயிற்றில். பேசாலை தாண்டியதும் தொய்வுக்காரி இழுத்து இழுத்து நின்றாள்.

அன்ரோனெற் திரும்பிப் பார்த்தாள். “ஐயா, குறை நினையாதேங்கோ. ஆம்பிளையள் எல்லாரும் இறங்கித் தள்ளவேணும்.”

இறங்கினேன். சுடு தகரத்தில் கை வைத்து, புதுச் சேட்டுக் கிழிய, சுடுமணலில் தள்ளினேன். இருமினாள், உறுமினாள், பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் ஓடி ஓடித் தொங்கி ஏறினார்கள். எனக்கு ஓடி ஏறத் தெரியாது, பழக்கமில்லை.

“ஐயா, நிப்பாட்டினால் திரும்பக் கிளம்பாது!” சிங்கராசா அவ்வளவு பலமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

“அடுத்த பஸ்ஸிலை வாங்கோ! சாப்பாடு எடுத்துவைக்கிறன்!” அன்ரோனெற் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினாள். உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள்.

என் அட்டவணைப்படி அடுத்த பஸ் ஒன்றரைக்கு. மூன்றுமணி வரைக்கும் ஒரு பூவரச மரத்தின்கீழ் நின்றேன், வரவில்லை. கலியாணக் கார்டு சட்டைப்பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் என் பெயருக்கே ஒரு முறைப்பாடு எழுதினேன். கதவு, யன்னல், ரேடியேற்றர், வராத பஸ், ஒன்றும் விடவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது பென்சில் கொஞ்ச நேரம் ஓடவில்லை. சாரதியில் பிழை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு நடக்கத் தொடங்கினேன்.