பத்தரை மணி வண்டி

செத்து நாலு மணி நேரம் கழித்து மாமியார் தன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள் என்று மருமகள் சொன்னால், காதில் பூ வைத்தவன்கூட நம்பமாட்டான். ஆனால் அன்று பத்தரை மணிக்கு, கூடத்தில் மாமியார் வெள்ளைத் துணிக்கடியில் கிடக்க, வாசலில் ஒரு வாடகைக் கார் பிணமே எழுந்து உட்காரும்படி ஹாரன் அடித்தது.

“சாவு வீட்டுல யாருடா அது?” நாத்தனார் பாய்ந்தாள்.

டிரைவர் வெலவெலத்துப் போனான். “அம்மா நேத்தே சொல்லி வெச்சாங்கக்கா. மருமகளை ஏத்தாம திரும்பினா, என் சட்டையை இனிமே தொடமாட்டேன்னாங்க.”

“செத்தவ வண்டி கூப்பிட்டாளாம்! எவ நம்புவா?”

சலவைக்கடைக்காரி மாமியார். ஏழு கடலுக்கு அப்பால் சிந்திய காப்பியையும் இங்கிருந்தே மோந்து சொல்லிவிடுவாள். மூன்று வாரத்துக்கு முன் மருமகளின் உள்ளாடையில், இடது மார்புப் பக்கம், பொட்டளவு பழுப்புக் கறை.

“டீ சிந்திடுச்சு அத்தை.”

மாமியார் துணியைத் திருப்பினாள். “டீ வெளியிலேர்ந்து உள்ளே போகும்டி. இது உள்ளேர்ந்து வெளியே வந்திருக்கு. ரத்தம். எத்தனை நாளா?”

மறுநாளே டாக்டர், ஸ்கேன், ஊசியால் சதை எடுத்துச் சோதனை. முடிவு சொல்லும் நாள் இன்று. விடிந்ததும் மாமியாரின் நெஞ்சு நின்றுவிட்டது.

“போம்மா. இருந்தா அவளே தள்ளியிருப்பா” என்று மாமனார் மருமகளைக் காரில் ஏற்றினார். இழுத்து இறக்கவென்று நாத்தனாரும் உள்ளே ஏற, டிரைவர் பயத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

“அம்மாவைப் போட்டுட்டு அப்படியென்னடி அவசரம்?”

“புத்துநோயா இருந்தா, அண்ணி?”

இழுக்க நீட்டிய கையை நாத்தனார் மடக்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். “புத்து இல்லை. பால் குழாய்க்குள்ள சின்ன சதை வளர்ச்சி. எடுத்துடலாம். ஆனா அமுக்காமலே, ஒரே பக்கம், ரத்தமா கசிஞ்சா தள்ளிப்போடவே கூடாது. சரியா வந்தீங்க. யார் கவனிச்சது?”

மருமகள் வாயைத் திறந்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

“எங்கம்மா” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும்... ரெண்டு பக்கமும். அமுக்கினா மட்டும், வெள்ளையா...”

“முதல்ல அமுக்கறதை நிறுத்துங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா ஒரு தடவை வந்து காட்டிடுங்க. சில மாத்திரையாலயும் இப்படி வரும், சாப்பிடறதையெல்லாம் எடுத்துட்டு வாங்க.”

திரும்பும் வழியெல்லாம் மருமகள் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். வாசலில் நாத்தனாரின் பெரியப்பா மறித்தார்.

“பொணத்தைப் போட்டுட்டு எங்கேடி போனீங்க ரெண்டு பேரும்?”

நாத்தனார் அவரைத் தாண்டிப் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

“அம்மாதான் கூட்டிட்டுப் போனா, பெரியப்பா.”