நான்கு சக்கரம், மூன்று பூச்சு

முட்டுக்கட்டைகள் நான்கும் வழுக்கி விழுந்த பிறகும் அந்தப் பழைய கார் தரைக்கு வரவில்லை. சக்கரங்கள் இல்லாமல், நான்கு விரற்கடை உயரத்தில், இருந்த இடத்திலேயே நின்றது. அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. சக்கரங்களை எடுத்துப்போக வந்திருந்த முலாம் பட்டறைக்காரர் மண்டியிட்டு அடியில் கையை விட்டுத் துழாவினார், ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார், சக்கரங்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரர் கட்டைகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினார். அவர் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டினாள். பத்து நாளில் சக்கரங்கள் திரும்பி வந்துவிடும், வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். சரியாவதற்குப் பதினொரு வருடம் ஆயிற்று.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரை இரண்டில் ஒன்று சொல்ல வைத்தவருக்குத் தன் காரியத்தில் மட்டும் அது வாய்க்கவில்லை. அவர் சட்டை எடுக்கப் போனால் துணிக்கடைக்காரர் முதலிலேயே இரண்டு டீ சொல்லிவிடுவார். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். அதுவே பெயராகி, கடைசியில் தபால்கூட பார்ப்போம் என்ற பெயருக்கே வந்துகொண்டிருந்தது. மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபது வருடமாக அதே ஐந்து தெருக்கள், அதே ரவுண்டானா, பாலம் வருவதற்கு முன்னால் வண்டியைத் திருப்ப வேண்டும். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்தில் பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு, ஆக்ஸிலேட்டர் கிடையாது. அவளிடம் கற்றவர்கள் பாலத்தைத் தாண்டிப் போய், மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் போட்டோ அனுப்பினார்கள். அவள் தாண்டியதில்லை. கல்யாணமான புதிதில், யாரோ கைவிட்ட அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்று, "இது ரெடியானதும் ரோடு முடியற இடம் வரைக்கும் போறோம்" என்று அவர் சொல்லியிருந்தார். பார்ப்போம் என்ற சொல் இல்லாமல் அவர் எடுத்த ஒரே முடிவு அதுதான் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

இஞ்சினும் இருக்கைகளும் மேற்கூரையும் தயாரானதற்குக் காரணம், அந்தக் காலத்து வண்டிக்கு எதிலும் ஒரே ஒரு வகை மட்டுமே கிடைத்ததுதான். சக்கரத்துக்கு வந்தபோதுதான் வம்பு தொடங்கியது. முலாம் பட்டறைக்காரர் பொய் சொல்லாத மனிதர், அதுவே வினையாகிவிட்டது. "குரோம் போட்டா கண்ணாடிதான் சார், மூஞ்சி பாத்துத் தலை சீவலாம். ஆனா ஒரு பொட்டு விழுந்துச்சுன்னா உள்ள ஈரம் பூந்து தோல் தோலா உரியும், ஒட்டுப் போட முடியாது. வெறும் பாலிஷ்னா அலுமினியம் தன் சொந்த நிறத்துலயே வெள்ளி மாதிரி நிக்கும். ஆனா துணிய வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். விட்டா மங்கும், தேய்ச்சாத் திரும்பி வரும். ஆனோடைஸ்னா அமிலத் தொட்டியில முக்கி கரண்ட் விடுவோம், உலோகம் தானே தன் மேல ஒரு தோல் வளத்துக்கும். பளபளக்காது. உரியாது. மழையில போங்க, உப்புக் காத்துல போங்க, அது பாட்டுக்கு இருக்கும்." மூன்றும் நல்லதுதான், எது வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சக்கரம் செய்யுங்கள், நான்காவதை அப்படியே விட்டுவிடுங்கள், ஒரு மழைக்காலம் வெளியில் மாட்டி வைத்துப் பார்ப்போம் என்றார். நியாயமான யோசனையாகத்தான் இருந்தது. கொட்டகையின் வெளிச்சுவரில் நான்கு ஆணி அடித்து நான்கு சக்கரங்களையும் மாட்டினார்கள்.

மழைக்காலம் முடிந்ததும், ஒரு வெயில் காலமும் போகட்டும் என்றார். இரண்டும் முடிந்ததும், அந்த வருடம் மழை குறைவு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார். இதற்கிடையில் கார் வருடத்துக்கு ஒரு சாண் என்ற கணக்கில் மேலே போனது. முதல் வருடம் அதன் அடியில் பூனை படுத்தது. மூன்றாம் வருடம் அவர் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அடிப்பாகங்களுக்குச் சாவகாசமாக எண்ணெய் விட்டார். மல்லாந்து படுத்தே முதுகு தேய்ந்த மெக்கானிக்குகள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். ஐந்தாம் வருடம் கொட்டகையின் தகரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அண்டை வீட்டார் அதற்குத் திரிசங்கு என்று பெயர் வைத்தார்கள். வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, சக்கரம் இல்லாததால் இது வாகனம் இல்லை என்று எழுதினார். நகராட்சியிலிருந்து வந்தவர், தரையைத் தொடாததால் இது கட்டடமும் இல்லை என்று எழுதினார். இருவரும் அதன் நிழலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கார் சும்மா ஏறவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் மனைவிதான். கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தாள். சில வாரங்கள் கோடு அசையவே அசையாது. சக்கரத்தைப் பற்றிப் பேச்செடுத்து, அவர் "பார்ப்போம்" என்று சொன்ன நாட்களில் மட்டும் கார் ஒரு மோதிரத்தின் தடிமன் அளவுக்கு மேலே போயிருக்கும். அவரிடம் சொன்னாள். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கோடுகளை உற்றுப் பார்த்தார். உண்மையாக இருக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் குறித்துக்கொண்டே வா, பார்ப்போம் என்றார். அன்றைக்கும் ஏறியது. அதன் பிறகு, அண்டை வீட்டார் சக்கரத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் காரை ஏற்றிக்கொண்டிருந்தாலும், அவள் பேச்செடுப்பதையே விட்டாள். ஆனால் கால் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் துணி மடிக்க உட்கார்ந்தாலும் அவள் வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. எட்டாம் வருடம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்த தரை ஓட்டில் பாதத்தின் வடிவத்தில் ஒரு குழி விழுந்தது. கூட்டும்போது அதில் குப்பை தேங்கியது. வகுப்பில் ஒருநாள், பாலத்துக்கு முன்னால் திரும்பச் சொல்ல மறந்துவிட்டாள். மாணவி பாலத்தின் நடுவரைக்கும் ஓட்டிப் போய்ப் பயந்து நிறுத்தி, "மிஸ், போலாமா, திரும்பணுமா?" என்று கேட்டபோது, அவள் பாலத்தின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் திருப்பத்தான் சொன்னாள்.

பதினொன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தெருவிளக்குப் பழுது பார்ப்பவரிடமிருந்து ஏணியைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு தலையணையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஏறி, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். குளிக்கவும் வகுப்புக்குப் போகவும் மட்டும் இறங்கினாள். சில நாட்கள் அதற்கும் இறங்கவில்லை. மாணவர்கள் கீழே வரிசையாக நிற்க, மேலே இருந்தபடியே கை சைகைகளைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் கடையிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இறங்கி வாம்மா. சாப்பாடு ஆறுது."

"எந்தப் பூச்சுன்னு சொல்லுங்க, வரேன்."

"இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்யற காரியமா? பார்—"

"முழுசாச் சொல்லாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "மொட்டைமாடிச் சுவர் உயரத்துக்கு வந்தாச்சு. இதுக்கு மேல ஏறினா ஏணி எட்டாது. அப்புறம் நான் இங்கேயே இருந்துடுவேன், நீங்க அங்கேயே இருப்பீங்க."

அவர் சாப்பாட்டை ஒரு கூடையில் வைத்துக் கயிற்றில் கட்டி அனுப்பினார். பதினெட்டு நாட்கள் அப்படி அனுப்பினார். வாயைத் திறந்தால் அந்தச் சொல் வந்துவிடும் என்று பயந்து, கடையிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வந்தவர்களுக்கு விரலால் காட்டியே கண் சோதித்தார். பத்தொன்பதாம் நாள் பூச்சுப் போட்ட மூன்று சக்கரங்களையும் சுவரிலிருந்து கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் தான் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எதிரே வைத்து, ஒரு கண்ணை மூடியும் மற்றதை மூடியும் பார்த்தார். குரோம்தான் அவருக்கு முதல் நாளிலிருந்தே ஆசை. இப்போதும் அதில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. பதினொரு வருட மழை பொட்டுப் பொட்டாகத் தின்ற இடங்கள் அவர் கன்னத்திலும் நெற்றியிலும் வந்து உட்கார்ந்திருந்தன. பாலிஷ் போட்டது புகை படிந்ததுபோல் மங்கிக் கிடந்தது. அதைத் துணியால் துடைக்கலாம் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் தனக்குத் தோன்றவில்லை என்பதை எண்ணி வெட்கப்பட்டார். ஆனோடைஸ் போட்டதில் முகமே தெரியவில்லை. மாட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, சாம்பல் நிறத்தில், எதையும் திருப்பிக் காட்டாமல் இருந்தது. கதவைப் பாதி சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். தெரு முனைக்கு வரும்போது நடை ஓட்டமாகியிருந்தது.

"ஏம்மா" என்றார், மூச்சு வாங்க.

"சொல்லுங்க."

"ஆனோடைஸ்."

 மேலே கார் ஜன்னலின் கண்ணாடி இறங்கியது. "நாலுக்குமா?"

"நாலுக்கும்."

"பிடிச்சுத்தான் சொல்றீங்களா?"

"பிடிச்சது குரோம்தான். ஆனா அதுல நான்தான் தெரியறேன். சக்கரம் பாக்கறதுக்கு இல்லம்மா, போறதுக்கு."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து இறங்கி வந்து, அவர் தட்டிலேயே சாப்பிட்டாள்.

பழைய குரோமை உரித்தெடுப்பதற்கே பட்டறையில் மூன்று நாள் பிடித்தது. முலாம் பட்டறைக்காரர் புது டயர்களையும் மாட்டி, வேனோடு இன்னொரு ஏணியையும் கொண்டுவந்தார். அவர் ஒரு பக்கமும் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் ஏணியில் நின்று, சக்கரங்களைத் தோளில் ஏற்றி மாட்டி, நட்டுகளை முறுக்கினார்கள். கடைசி நட்டு முறுகியதும் கார் இறங்கும் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். இறங்கியது, ஆனால் ஒரு சாண்தான். பதினொரு வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது போலும் என்றார் பட்டறைக்காரர், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே. மனைவி பயிற்சி வண்டியின் பேட்டரியைக் கழற்றி வந்து பொருத்தினாள், கேனில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றினாள். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவள் வலது காலை எடுத்து ஆக்ஸிலேட்டர் மேல் வைத்தாள், அழுத்தவில்லை. ஏணியின் உச்சியில் கூடையோடு நின்றிருந்த கணவரைப் பார்த்தாள்.

"ஏர்றீங்களா?"

அவர் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு அந்தச் சொல்லுக்குத் தயாராயின. அதை விழுங்கிவிட்டு, கூடையைப் பின்சீட்டில் போட்டு, கதவைத் திறந்து ஏறினார். கார் மதிலைத் தாண்டித் தெருவுக்கு மேலே வந்தது. சக்கரங்கள் காற்றில், கல்லும் குழியும் இருப்பது போலவே லேசாகக் குலுங்கி உருண்டன. மின்கம்பிகளுக்கு அடியில் அவள் ஒன்றிரண்டு முறை தாழ்த்தி ஓட்டினாள், ரவுண்டானாவை முறைப்படி இடம் விட்டுச் சுற்றினாள், பாலத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

கண்ணாடிக் கடை இப்போது மாதத்தில் ஒரு வாரம் மட்டும் திறந்திருக்கிறது. மற்ற நாட்களில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ரோடு முடியும் இடத்தைக் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டால், நிறைய ரோடுகள் இருக்கின்றன என்கிறாள் மனைவி. திரும்பி வரும்போது சக்கரங்களில் உப்புப் படிந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். மாடி வீட்டுக்காரர்கள்தான் ஆரம்பத்தில் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். இப்போது பழகிவிட்டது. துணி உலர்த்த ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டும் முன், இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்கள்.