ஒன்பது வீட்டுச் சொல்

ரோம்பிகோசிடோடெகாஹீட்ரன் என்ற சொல்லை எங்கள் தெருவில் ஒன்பது வீட்டார், வீட்டுக்கு ஓர் அசையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அறுபத்திரண்டு பக்கம் உள்ள ஒரு கன உருவத்தின் பெயராம், கிரேக்கத்திலிருந்து வந்தது. எழுத யார் தயவும் வேண்டாம். வாயால் சொல்ல ஒன்பதும் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ‘சி’. வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஈரம் படாமல் வைத்திருக்கிறேன்.

மகள் பியூலா கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி அவள் வகுப்புக்கு வருவதாக இருந்தது. இந்தச் சொல்லை முழுதாகச் சொன்னால் வேலை நிரந்தரம். ஓர் அசை விட்டாலும் மூன்று வருட வேலை போய்விடும். ஆகவே மூன்றடுக்கு கேரியர் மூன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

ஐந்தாவது வீட்டு நேசமணி தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள்.

“யக்கா, நாத்தனார் கேட்டாங்கன்னு ‘டோ’வை இந்த வாளியில இரவல் கொடுத்தேன். வாளியைச் சும்மா திருப்பக் கூடாதுன்னு முந்திரிக்கொத்து போட்டு அனுப்பியிருக்காங்க.”

“அப்போ ‘டோ’?”

“அதை எடுத்துக்கிட்டு நேத்தே மகளைப் பார்க்க ரயில் ஏறிட்டாங்க.”

“அதை எதுக்கு எடுத்துட்டுப் போனாங்க?”

“பின்னே, சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடவா போவாங்க?”

முந்திரிக்கொத்தையே ஐந்தாம் அடுக்கில் வைத்து ஜெபம் பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை பியூலாவின் இரண்டு கையிலும் கேரியர், மூன்றாவதை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வகுப்பில் பியூலா வரிசையாகத் திறந்தாள். ரோம். பி. கோ. சி. எங்கள் வீட்டு அசை தெளிவாகவே கேட்டது. ஐந்தாவது அடுக்கைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடிக்கிற சத்தம் கேட்டது. முந்திரிக்கொத்தை லேசில் மென்று முடிக்க முடியாது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை இரண்டு தரம் சொல்லி முடித்தேன். பிறகு டெ, கா, ஹீ, ட்ரன்.

அதிகாரி பேனாவை மூடினார்.

“அஞ்சாவது அசையில இனிப்பு கொஞ்சம் தூக்கல்,” என்றார். “எங்க அம்மாவும் இப்படித்தான் உச்சரிப்பாங்க.”

நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மற்ற எட்டு அசைகளையும் ஃபைலில் சேர்க்க வேண்டும் என்று கேரியரோடு கொண்டுபோனார்.

மறுநாள் கேரியர்கள் திரும்பி வந்தன. சும்மா வரவில்லை. அதிகாரி வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒன்பதாக வெட்டிப் பங்கு வைத்தேன். நேசமணி தானாகவே ஓரத்துண்டை எடுத்துக்கொண்டாள். எங்கள் பங்குக்குப் பதினொரு மணி வந்தது. பியூலாவுக்குப் பிடிக்கும் என்று ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தேன்.