வெண்டைக்காய் மாத்திரை

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்டவள் பன்னிரண்டு மணி நேரம் மெல்லக் கரைகிற மாத்திரை செய்யக் கிளம்பினால் எப்படி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 1999இல் தஞ்சாவூரில் எம்.பார்ம். கடைசி வருடம். வெண்டைக்காயின் வழவழப்பைத் துணியில் வடிகட்டி, பிரித்தெடுத்து, உலர்த்திப் பொடியாக்கி, பிரஷர் மருந்தோடு சேர்த்து மாத்திரையாக அழுத்துவேன். தண்ணீர் பட்டதும் அந்தப் பொடி கூழாகி, மருந்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மூன்று முறை செய்தேன், மூன்றும் தாங்கின.

நான்காவது முறை, பம்பாய் கம்பெனி அதிகாரி அமிர்தலிங்கத்தின் கண்ணெதிரே சோதனை. தாங்கினால் பம்பாயில் எனக்கு வேலை. அண்ணன் ஜெரால்ட் துபாய் போய் ஆறு வருடம். கூடப் படித்தவர்களும் ஒவ்வொருவராகப் பறந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கரையும் வேகத்தைச் சோதிக்கும் கருவியில் போட்ட மாத்திரை இருபதாவது நிமிடம் பொலபொலவென்று உதிர்ந்தது.

மிச்சமிருந்த பொடியில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். கருநீலம். மாவுச்சத்து! அதுதான் தண்ணீரில் உப்பி மாத்திரையை உடைத்திருக்கிறது. வடிகட்டும் துணியை வீட்டில் துவைத்துத் தருவது அம்மாதான். சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா செபஸ்தியம்மாளிடம் ஓடினேன்.

“நான் வடிகட்டுற வெள்ளைத் துணிய என்னம்மா பண்ணுன?”

“பெரிய ஆளு வர்றாருன்னியே. தொஞ்சு கெடந்துச்சு. கெட்டியா சோத்துக்கஞ்சி போட்டுத் தேச்சு வச்சேன்.”

துணி ஏன் விறைப்பாக இருக்கிறது என்றுகூட யோசிக்காமல் வடிகட்டிய மடச்சி நான். ஆனால் எரிச்சல் அம்மா மேல்தான் வந்தது.

அம்மா நேராக அதிகாரியிடம் போய்விட்டாள். “எம்பொண்ணு மேல தப்பில்லைங்க. நாந்தான் கஞ்சி போட்டேன்.”

“துணியப் பாக்காம வடிகட்டுனது உங்க பொண்ணுதானேம்மா” என்றார் அவர். நியாயம்தான். என் பக்கம் திரும்பினார். “ரெண்டு வாரம் எடத்த நிறுத்தி வைக்கிறேன். திரும்பச் செஞ்சு ரிசல்ட்ட அனுப்புங்க.”

பஸ்ஸில் வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள். “திரும்பவும் ஒடஞ்சிருச்சுன்னா நீ இங்கயேதான் இருப்ப, இல்ல?”

அந்தக் குரலில் இருந்த ஆசை என்னைச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா துணியை என் கையிலிருந்து வாங்கி வெந்நீரில் கசக்கினாள். கையோடு கொண்டுவந்த அயோடினை, அலசிய தண்ணீர் ஆறியதும் அதில் விட்டேன். நீலம். ஐந்தாறு தண்ணீர் மாற்றிய பிறகு, தெரிந்தும் தெரியாத நீலம்.

“போதும்மா” என்றேன். எனக்கு அவசரம்.

“போதாதுடி” என்றாள் அம்மா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இன்னொரு தண்ணி ஊத்து.”